மிஸ்ஸி வீரம்மாவும் வெள்ளிக்கிழமைக் குழாயும்

வீரம்மாவின் கைப்பையில் தையற்காரர்கள் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று எப்போதும் இருக்கும். மஞ்சள் நிறம், நூற்றைம்பது சென்டிமீட்டர் நீளம். செலாயாங் பாசாரில் வாங்கியது. ரவிக்கை தைக்க அல்ல. மூக்கு நுனியில் நாடாவின் முனையை வைத்து, காது மடல் வரை இழுத்து, அங்கிருந்து நெஞ்செலும்பின் அடிமுனை வரை இறக்கினால் எத்தனை சென்டிமீட்டர் வருகிறதோ, அதுதான் அந்த ஆளுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குப் போட வேண்டிய குழாயின் நீளம். கண்ணால் பார்த்தே சொல்லிவிடக்கூடிய அனுபவம் அவருக்கு உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அளப்பார். அளந்ததை நோட்டில் எழுதுவார். எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படிப்பார்.

1966 மார்ச் மாதம் கேரி தீவில் பிறந்தவர் வீரம்மா. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். 1986இல் தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்தார். பயிற்சிக்காலம் உட்பட முப்பத்தெட்டு ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளில் வேலை பார்த்துவிட்டு, 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றார். பிரிவு விருந்து முடிந்து பன்னிரண்டாம் நாள், வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தார். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று காரணம் சொன்னார். பதினொரு நாளும் அளந்து பார்த்திருக்கிறார்.

பூச்சோங்கில் வீடு. வெள்ளை மைவி கார். அதன் பின்னிருக்கையில் கையுறைப் பெட்டி, குழாய்கள், ஊசியில்லாத ஐம்பது மில்லிலிட்டர் சிரிஞ்சுகள், இரைப்பை நீரின் புளிப்பைக் காட்டும் தாள் பட்டைகள். இந்த ஊரில் தாதியரை மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீரம்மாவைப் பேரப்பிள்ளைகளும் மிஸ்ஸி பாட்டி என்பார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. குழாய் போடும் முன், 'வலிக்காது' என்று யாரிடமும் சொல்லமாட்டார். பயிற்சிக்காலத்தில் மேட்ரன் ஒருவர் மாணவிகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் மூக்கில் ஒருவர் குழாய் போடச் சொன்னார். வீரம்மாவுக்குக் குழாய் போட்டவள் மூன்றாவது முயற்சியில்தான் உள்ளே இறக்கினாள். குழாய் வழியாக இருநூறு மில்லி பார்லி தண்ணீர் உள்ளே போனது. வயிறு குளிர்ந்தது, வாய்க்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் சொல்வது இதுதான்: "கண்ணுல தண்ணி வரும், தும்மல் வரும், தொண்டையில ஒரு மாதிரி இருக்கும். முப்பது செகண்டு. நான் சொல்லும்போது எச்சி முழுங்குங்க." பெரும்பாலும் இருபத்தைந்து வினாடியில் முடித்துவிடுவார். மிச்சம் ஐந்து வினாடி நோயாளிக்கு லாபம்.

2025 ஜூன் மாதம் அவரிடம் வந்து சேர்ந்த நோயாளிதான் சுகுமாறன். வயது 68. பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி. முப்பத்தோரு வருடம் லோரி ஓட்டியவர். மே 22, வியாழக்கிழமை காலையில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. எல்லாவற்றையும்விடப் பெரிய இடி, விழுங்கும் சக்தி போனது. தண்ணீர் குடித்தால் நுரையீரலுக்குப் போனது. ஜூன் 11ஆம் தேதி மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வலது கை நன்றாக வேலை செய்தது. அந்தக் கையால் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதித்தான் எல்லாரையும் விரட்டுவார். முதல் நாள் வீரம்மா நாடாவை எடுத்ததும் அவர் எழுதியது: 'சட்டையா தைக்கப் போறீங்க?'

"ஆமாண்ணே. கல்யாண சட்டை. அம்பத்தெட்டு வருது" என்றார் வீரம்மா.

அன்றே இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

மனைவி சந்திரகலாவுக்கு வயது 63. அந்தம்மாள் படிப்பு நான்காம் வகுப்புதான் என்றாலும், வீரம்மா சொல்லிக்கொடுத்ததில் ஒரு புள்ளி தவறியதில்லை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. வேளைக்கு இருநூற்றைம்பது மில்லி சத்துப்பால். முன்னும் பின்னும் முப்பது மில்லி தண்ணீர். கொடுக்கும்போது தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்தபிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. மூக்கருகே குழாயில் போட்ட மைக்கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சுவரில் மாட்டிய தாளில் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார் சந்திரகலா. இவ்வளவு சுத்தமான பதிவைத் தான் வேலை பார்த்த வார்டுகளிலேயே இரண்டு மூன்று முறைதான் பார்த்திருப்பதாக வீரம்மா சொன்னார். அந்தம்மாள் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

ஐந்து வாரம் குழாய் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது. பால் இறங்கவில்லை. வீரம்மா பூச்சோங்கிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தார். வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து மெல்லத் தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். இருபது நிமிடம் பார்த்தும் அசையவில்லை. பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் சுகுமாறனின் மூக்கில் ரத்தம் வந்தது. நிற்கப் பதினைந்து நிமிடம் ஆனது.

மாத்திரை சரியாக நுணுங்கவில்லையோ என்று வீரம்மா சந்தேகப்பட்டார். சந்திரகலா மறுநாளே சின்னக் கல் உரல் வாங்கி, மாவாக நுணுக்க ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடைத்தது. பால் மாவில் கட்டி இருக்குமோ என்று இந்த முறை கலக்கிய பாலை வடிகட்டச் சொன்னார். அதுவும் நடந்தது. அதற்கடுத்த வாரம் மூன்றாவது முறை அடைத்தது.

மூன்றாவது முறை ரத்தம் அதிகம் வந்தது. தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. வீரம்மா இரண்டு விரலால் அவர் மூக்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அடங்கியபின் சுகுமாறன் பலகையைக் கேட்டு வாங்கினார். கேலி எதுவும் இல்லை. 'இதுதான் கடைசி. இன்னொரு தடவ போட விடமாட்டேன்' என்று எழுதி, அதை மனைவி பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கத்துகிற நோயாளிகளைக் கண்டு வீரம்மா பயந்ததில்லை. கத்தி முடித்துவிட்டு மூக்கைக் காட்டுவார்கள். இப்படி அமைதியாகச் சொல்கிறவர்கள் சொன்னபடி செய்வார்கள். டாக்டரிடம் போனில் பேசினார். வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்கலாம்தான். அதற்கு ரத்த மாத்திரையைச் சில நாள் நிறுத்த வேண்டும். பக்கவாதம் வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் அதை நிறுத்தத் தனக்கு மனமில்லை என்றார் டாக்டர். விழுங்கும் பரிசோதனைக்கு ஆகஸ்ட் 20ஆம் தேதி குறித்திருந்தார்கள். அதுவரை, பத்தொன்பது நாளைக்கு, இந்தக் குழாய் அடைக்காமல் இருக்க வேண்டும். அடைத்தால் அந்த மனிதருக்குச் சோறும் இல்லை, மருந்தும் இல்லை.

லிப்ட் வரை வந்த சந்திரகலா ஒன்றுதான் கேட்டார்: "நான் எங்க மிஸ்ஸி தப்பு பண்றேன்?"

வீரம்மா மறுபடி உள்ளே போனார். கழற்றிய குழாயைக் குப்பையில் போடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோனார்.

மறுநாள் சனிக்கிழமை காலை, தன் வீட்டுச் சமையலறை மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, கையுறை மாட்டி, அந்தக் குழாயைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்தார். கணவர் தோசைத் தட்டை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குக் குடிபெயர்ந்தார். பால் திரிந்திருந்தால் வெள்ளையாக இருக்கும். மாத்திரை என்றால் ரோஸ் நிறப் பொடி தெரியும். இது இரண்டும் இல்லை. நாற்பதாவது சென்டிமீட்டரிலிருந்து நாலு விரல் நீளத்துக்கு, பழுப்பும் சாம்பலும் கலந்த பசை. குனிந்து முகர்ந்தார். புளித்த வாடை.

அந்த வாடையைத் தோட்டத்தில் வளர்ந்த ஒருத்திக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கேழ்வரகு.

கையுறையைக் கழற்றிவிட்டு நோட்டை எடுத்தார். அடைப்பு ஒன்று, ஜூலை 18. இரண்டு, ஜூலை 25. மூன்று, ஆகஸ்ட் 1. சுவரில் கோயில் காலண்டர் தொங்கியது. மூன்றும் வெள்ளிக்கிழமை. மூன்றும் ஆடி வெள்ளி.

"அட கடவுளே" என்றார் வீரம்மா. முன்னறையிலிருந்து கணவர், தோசை தீய்ந்துவிட்டதா என்று கேட்டார்.

உடனே போன் போட்டுச் சண்டை பிடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. போனில் கேட்டால் 'இல்லை' என்பார்கள். ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதைக் காப்பாற்றவே பாடுபடுவார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் கற்ற பாடம். ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை மதியம் 12.10க்கு, முறை இல்லாத நாளில், வீரம்மா பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் மணியை அடித்தார். காரை நிறுத்த இடம் தேடியே இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

இன்று வரவேண்டிய நாள் இல்லையே என்று சந்திரகலா கேட்டார். இந்தப் பக்கம் வந்தேன், ஒரு கோப்பி குடிக்கலாம் என்று ஏறினேன் என்றார் வீரம்மா. சுகுமாறன் அவரைப் பார்த்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவர் மூச்சு அப்படி இருக்காது என்பது வீரம்மாவுக்குத் தெரியும்.

12.32க்கு மறுபடி மணி அடித்தது. வந்தவர் சுகுமாறனின் அக்கா லெட்சுமி. வயது 74. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்திருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், ஒரு கையில் வேப்பிலை, மறு கையில் தூக்குச்சட்டி. கட்டில் அருகே வெள்ளைச் சட்டைக்காரியைக் கண்டதும் தூக்குச்சட்டி முந்தானைக்குள் போய்விட்டது.

"என்னா அக்கா அது?"

"ஒன்னும் இல்ல மிஸ்ஸி. பிரசாதம்."

"கூழா?"

"ஆத்தா கூழு. ஏன், பிரசாதம் கொடுக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சட்டம் போட்டிருக்கா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா. எப்படிக் கொடுத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க."

லெட்சுமிக்கு அதைச் சொல்வதில் பெருமையே இருந்தது. கோப்பி வடிகட்டும் துணி, கோப்பியே படாத புதுத் துணி வாங்கி, அதில் இரண்டு முறை வடிகட்டி, வெந்நீர் விட்டுத் தண்ணியாக்கி, சிரிஞ்சில் எடுத்து மெதுவாக ஊற்றினாராம். சந்திரகலா குழாயைப் பிடித்துக்கொள்வாராம். முன்னும் பின்னும் முப்பது மில்லி தண்ணீர்கூட விட்டார்களாம்.

வீரம்மா சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். ஜூலை 18, மதியம் இரண்டு மணி, 250 மில்லி, கையெழுத்து. அதற்கும் பத்து மணிப் பாலுக்கும் நடுவே எதுவும் இல்லை. "அக்கா, இதுல எழுதலையே நீங்க?" என்று சந்திரகலாவைக் கேட்டார்.

சந்திரகலா திகைத்துப்போனார். மறைத்த முகம் இல்லை அது. "பிரசாதத்த யாரு மிஸ்ஸி சாப்பாட்டுக் கணக்குல எழுதுவா?"

அந்தம்மாள் சொன்னது பொய்யில்லை. விபூதியை யாரும் பவுடர் என்று எழுதுவதில்லை. சாப்பிட என்ன கொடுத்தீர்கள் என்றுதான் வீரம்மா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் உண்மையான பதில்தான் வந்தது.

கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தார். பிளந்த குழாயை லெட்சுமியிடம் காட்டினார். கூழ் ஆறினால் இறுகும், பாலோடு சேர்ந்தால் இன்னும் இறுகும், பென்சிலைவிட மெல்லிய குழாயில் அதற்குப் போக வழி இல்லை என்று குரலை உயர்த்தாமல் விளக்கினார். லெட்சுமி பையைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தம்பியின் மூக்கைப் பார்த்தார்.

"அப்ப மூணு தடவையும் ரத்தம் வந்தது என்னாலயா?"

வீரம்மா பிளாஸ்டிக் பையை அவரிடமிருந்து வாங்கி மடித்து வைத்தார்.

லெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்ல விஷயம் வெளியே வந்தது. தம்பி விழுந்த அன்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாராம், ஆடியில் ஐந்து வெள்ளி கூழ் கொடுப்பதாக. மூன்று முடிந்தது. இன்னும் இரண்டு பாக்கி. பாதியில் நிறுத்தினால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? ஆத்தாளைப் பற்றி வீரம்மா வாதாடவில்லை. அவர் வீட்டுப் பூசை அறையிலும் அதே ஆத்தாள்தான் இருக்கிறாள்.

"வேண்டிக்கிட்டப்ப என்னா சொன்னீங்க அக்கா? அப்படியே சொல்லுங்க."

"தம்பி வாய்க்கு அஞ்சு வெள்ளி உன் கூழ ஊத்தறேன் தாயின்னு."

"வாய்க்கு?"

"வாய்க்குத்தான்."

"அப்ப இந்த மூணு வாரமும் வாய்க்குப் போகவே இல்லையேக்கா. மூக்குல போயி நேரா வயித்துல இறங்கிடுச்சு. அண்ணனுக்கு அது கூழா பாலான்னுகூடத் தெரிஞ்சிருக்காது."

கட்டிலில் சுகுமாறனின் கண் திறந்தது. பலகைக்குக் கை நீண்டது. எழுதினார்: 'தெரியல.' அதற்குக் கீழே, கொஞ்ச நேரம் கழித்து: 'கூழ நான்தான் கேட்டேன். அவங்கள திட்டாதீங்க.'

வீரம்மா மருத்துவமனையில் பேச்சுப்பயிற்சி, விழுங்கும் பயிற்சி நிபுணராக இருக்கும் ஷாமினிக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை. அந்தப் பெண் வாயில் நாசி லெமாக் சோற்றோடுதான் பேசினாள். ஈரப் பஞ்சுக்குச்சியால் நாக்கைத் துடைக்க ஜூலை 30ஆம் தேதி ஷாமினியே அனுமதி கொடுத்திருந்தாள். இப்போது முழுக் கதையையும் கேட்டுச் சிரித்தாள், பிறகு கணக்காகச் சொன்னாள். கூழின் மேலே நிற்கும் தெளிவு மட்டும். அதைக் கொதிக்க வைத்து ஆற வைக்க வேண்டும். பஞ்சில் தொட்டு, சொட்டு விழாத அளவு பிழிய வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்து, நல்ல பக்கமான வலது பக்க நாக்கில் ஐந்து தடவை. ஒரு இருமல் வந்தாலும் நிறுத்திவிட வேண்டும். "மிஸ்ஸி நீங்க இருக்கீங்கன்னாதான் ஓகே சொல்றேன் லா. வேற யாரும் செய்யக் கூடாது." வீரம்மா எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

சந்திரகலா அடுப்பைப் பற்றவைத்தார். லெட்சுமி தூக்குச்சட்டியைத் திறந்து, மேலே நின்ற தெளிவைக் கரண்டியால் எடுத்துக் கொடுத்தார். வீரம்மா சுகுமாறனின் வாயைச் சுத்தம் செய்தார், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தினார், கழுத்தடியில் துண்டை விரித்தார்.

மணி 1.15. முதல் தொடுதல். சுகுமாறன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டைக் குழி ஏறி இறங்கியது. வீரம்மாவின் கண் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இருமல் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதுக்கு அவரே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். நாக்கில் ஒரு சுவை பட்டு அன்றோடு எழுபத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

கண்ணோரம் நனைந்தது. சந்திரகலா பயந்து, என்ன செய்கிறது என்று கேட்டார். அவர் பலகையைக் கை காட்டினார். மூன்று பெண்களும் குனிந்து படித்தார்கள்.

'உப்பு பத்தல.'

"கோயில் கூழுடா அது. அதுக்குப் போயி நொட்டை சொல்றியா?" என்று லெட்சுமி அதட்டினார். அதட்டிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

மதியம் இரண்டு மணிப் பால் தடையில்லாமல் இறங்கியது. ஆறு மணிப் பாலும் இறங்கியது என்று சந்திரகலா போனில் சொன்னார். மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒரு வெள்ளிக்கிழமை மாலையை வீரம்மா நெரிசலில் இல்லாமல் கழித்தார். ஆகஸ்ட் 15 அன்றும் போய் ஐந்து முறை தொட்டுவிட்டு வந்தார். கூழில் கொஞ்சம் உப்பு கூடியிருந்தது. கோயிலில் லெட்சுமி சண்டை போட்டாரா, ரயிலில் வரும்போது தானே போட்டாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்கிழமை, அதே குழாயோடு சுகுமாறன் பரிசோதனைக்குப் போனார். மூக்கருகே மைக்கோடு ஐம்பத்தெட்டில் நின்றது. கெட்டியாகக் குழைத்த உணவைத் தினம் ஆறு கரண்டி வாயால் எடுக்கலாம், மீதி இன்னும் கொஞ்ச காலம் குழாயில்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அவர் பலகையில் எழுதிய பட்டியலில் ஆறு அயிட்டம் இருந்தது. ஆறாவது ஆட்டுக்கால் சூப்பு. கூட வந்த வீரம்மா அதை மட்டும் அழித்தார்.

லெட்சுமியின் கணக்கு வேறு. முதல் மூன்று வெள்ளி செல்லாது என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார். இன்னும் மூன்று பாக்கி. ஆடி முடிந்துவிட்டதே என்று சந்திரகலா கேட்டதற்கு, ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன் என்றாராம்.

வீரம்மா இப்போது புது வீட்டுக்குப் போனால் இரண்டு கேள்வி கேட்கிறார். சாப்பிட என்ன கொடுத்தீர்கள் என்பது முதல் கேள்வி. சாமிக்குப் படைத்தது என்ன கொடுத்தீர்கள் என்பது இரண்டாவது. மலாய்க்காரர் வீட்டில் ஓதிய தண்ணீரைக் கேட்கிறார், சீனர் வீட்டில் வேர் போட்டுக் காய்ச்சிய சூப்பைக் கேட்கிறார். பத்து வீட்டில் நான்கு வீட்டிலாவது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சுவர்த்தாளில் சந்திரகலா அளவுகோல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார். தலைப்பு, பிரசாதம். அதில் முதல் பதிவு இப்படி இருக்கிறது: 8.8.2025, மணி 1.15, கூழ்த் தெளிவு, நாக்கில் 5 தடவை, இருமல் இல்லை, உப்பு கம்மி. கையெழுத்து மூன்று.